டாக்டரிடம் சொல்லாத விவரம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வீட்டுக்காரரோடு பைக்கில் நான் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. அதற்குள் தம்பியைக் கட்டிலில் படுக்க வைத்து ஊசியும் போட்டிருந்தார்கள். வலியிலும் ஊசி மயக்கத்திலும் அவனால் பேச முடியவில்லை. அவன் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி ஆலையிலிருந்து ஏழெட்டுப் பேர் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அவன் சட்டைப்பையிலிருந்த ஆதார் கார்டைக் காட்டி அவர்களே சீட்டுப் போட்டிருந்தார்கள். ஆண், இருபத்தாறு வயது, அடிவயிற்றில் வலி.

"கல்லடைப்பாத்தான் இருக்கும். ட்ரிப்ஸ் ஏறட்டும், மத்தியானம் ஸ்கேன் எடுத்துப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

"வாழைத்தண்டு சாறு குடிச்சா அம்புட்டும் கரைஞ்சிரும்" என்றார் ஆலைக்காரர் ஒருவர். எனக்கு வந்த எரிச்சலில் அவரை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அவனைப் பெண் என்றுதான் வீட்டில் வளர்த்தோம். ஆண் என்பது அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. மதுரையில் மார்பு ஆபரேஷன் செய்துகொண்டான். வயிற்றுக்குள் இருப்பதை எடுக்கவில்லை. கார்டில் அந்த ஒரு சொல்லை மாற்ற இ-சேவை மையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் செருப்புத் தேய அவனோடு அலைந்தவள் நான்தான். மாறி வந்த அன்று சந்தோஷத்தில் அழுதேன். இப்போது அதே சொல் டாக்டரைத் தப்பான பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது.

சொல்லிவிட வேண்டும். ஆனால் கட்டிலைச் சுற்றி ஆலைக்காரர்கள். ஒருத்தராவது நகர்ந்தால்தானே! தலைமாட்டில் என் வீட்டுக்காரர், "மாப்ள, செத்த நேரம் பொறுத்துக்கோங்க" என்று அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தின்போதே தம்பி என்றுதான் அவருக்கு அறிமுகம். பழைய கதை எதுவும் தெரியாது. நான் வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கினேன், குடிக்காமல் வைத்தேன். கார்டில் ஆணா பெண்ணா என்றே போடாமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும், அப்போது டாக்டரே வாயைத் திறந்து கேட்டிருப்பாரே என்று யார்மீதோ கோபப்பட்டேன். அடுத்த நிமிடமே, பழையபடி பெண் என்றே இருந்திருந்தால் பிழைத்துக்கொள்வானே என்று தோன்றியது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் தடவை வாந்தி எடுத்தான். உதடு வெளுத்துவிட்டது. ஊசி போடும் அறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்மா, கார்டுல என்ன வேணா இருக்கட்டும். உள்ள என்ன இருக்குன்னு எனக்கு யாராச்சும் சொல்லணும்ல? காலையில இருந்து இங்கதான நிக்கிற?" என்றார் அவர். பதிலுக்குக் காத்திராமல் ஸ்கேன் அறைக்குப் போன் போட்டார்.

சினைப்பை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்து அதை எடுத்தார்கள். கொஞ்சம் முந்தியிருந்தால் சினைப்பையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள்.

மூன்றாம் நாள் தனியாக இருந்தபோது அவனுக்குக் கஞ்சி கொடுத்தபடி, "யார்ட்டயும் சொல்லிராதன்னு சொல்லியிருந்தேல்ல, அதாம்லே தயங்கிட்டேன்" என்றேன்.

"டாக்டர்ட்டயுமா சொல்லாதன்னேன்?" என்றான். "அது போனதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அத்தான் பக்கத்துல நிக்காகன்னுதான நீ வாயைத் திறக்கல?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் செத்திருந்தா, அப்பவாச்சும் அத்தான்ட்ட சொல்லியிருப்பியாக்கா?"

சொல்லியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரிந்துவிட்டது.