பழனிவேல் குதிரையேறிய படம்

நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டுகிற பனைமர உயரத்து மிஷின் மேல் அணில் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்த பழனிவேலுக்கு, ஒரு குதிரை மேல் ஏறி உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் அவன் மனசில் இருந்த பெரிய குறை அதுதான். கேட்டால் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்ல மாட்டான். ஆனால் ஆசை அவனுடையது மட்டும் இல்லை. அவன் அப்பா கலியனுடையது. அதனால் உதறிவிட்டுப் போகவும் முடியவில்லை.

மைன்ஸ் வருவதற்கு முன்னால் அவர்கள் ஊரில் நிலமெல்லாம் ஒரே பண்ணையாருக்குச் சொந்தம். அவரிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. அதற்குப் புல் அறுத்துப் போட்டதும், தேய்த்துக் குளிப்பாட்டியதும், சாணியை வாரிக் கொட்டியதும் கலியன். பண்ணையார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் குதிரை ஏறுவார். அவர் வயலைச் சுற்றி வந்து இறங்குகிறவரைக்கும் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் நடப்பதும் கலியன்தான். இருபது வருஷம் வளர்த்த குதிரை மேல் கலியன் ஒரு நாளும் ஏறியதில்லை. அவர் தெருவில் பிறந்தவர்கள் ஏறக்கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

மகன் கல்யாணத்திலாவது அந்தக் கணக்கைத் தீர்க்கலாம் என்று கலியன் பண்ருட்டிக்குப் போய், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஆளிடம் கேட்டார். வாடகையெல்லாம் பேசி முடிந்தது. எந்தத் தெரு என்று கேட்டு, இந்தத் தெரு என்று தெரிந்ததும் குதிரைக்குக் காலில் அடி என்று அந்த ஆள் சொல்லிவிட்டான். கல்யாண நாள் அன்று அதே குதிரை வேறொரு மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு ஜம்மென்று போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். காலில் பட்ட அடி எவ்வளவு சீக்கிரம் ஆறிவிட்டது பாருங்கள்.

பிறகு மைன்ஸ் வந்தது. பண்ணையார் வீடு, குதிரை லாயம், கலியன் தெரு எல்லாம் பேதம் பார்க்காமல் ஒரே குழிக்குள் போயின. பண்ணையார் கடலூரில் போய் உட்கார்ந்தார். பழனிவேல் கான்ட்ராக்டில் மண் சுமக்கச் சேர்ந்தான். மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர்களுக்கு ஹெல்பராகி, உயரத்துக்குப் பயப்படாதவன் என்று பேர் வாங்கி, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் வாங்கிவிட்டான். அடுத்தாற்போல், மிஷின் ஓட்டப் பழகிவர ஜெர்மனிக்குப் போகிற ஆட்களில் அவன் பேரும் வந்தது.

ஊரே வழியனுப்ப வந்தது. ஆளாளுக்கு வாட்ச் கேட்டார்கள், ரேடியோ கேட்டார்கள். மனைவி மாணிக்கம்மாள், குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு கலியன் மகனைத் தனியே கூப்பிட்டார்.

“அங்க குதிர இருக்குமாடா? இருந்தா ஒரு தரம் ஏறி ஒக்காரு. போட்டா புடிச்சிகினு வா. எனக்கு அது போதும்.”

சொன்னதோடு நிற்காமல் மறு வாரமே குள்ளஞ்சாவடிச் சந்தையில், மகன் குதிரை மேல் இருக்கிற போட்டா வரப்போகிறது என்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஜெர்மனியில் பழனிவேலோடு ஒரே அறையில் தங்கியவர் சங்கரலிங்கம். திருநெல்வேலிக்காரர், மின்சாரப் பக்கத்து போர்மேன், சுத்த சைவம். உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் தின்று, திட்டிக்கொண்டே உடம்பு போட்டவர். வந்த முதல் வாரமே பழைய கேமரா ஒன்று வாங்கிவிட்டார். ஆக, போட்டாவுக்கு வழி பிறந்துவிட்டது. குதிரைக்குத்தான் வழி இல்லை.

குதிரைக்குப் பஞ்சமில்லாத நாடுதான். பளபளக்கும் பூட்ஸ் போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் காட்டுப் பாதையில் குதிரையில் போவதை அவன் பார்த்தான். அவர்கள் கிளப்பில் போய் விசாரித்தால், ஒரு மணி நேரம் ஏறுவதற்கு ஒரு வாரம் பட்டினி கிடக்கவேண்டும் போலிருந்தது. பூட்ஸும் குல்லாவும் தனி. அலவன்ஸில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவனுக்கு அது குதிரைக் கொம்புதான். திருவிழா மைதானத்தில் குட்டைக் குதிரைகள் வட்டம் சுற்றின. சில்லறைக் காசுதான். உற்சாகமாக வரிசையில் நின்றான். முன்னும் பின்னும் குழந்தைகள். குதிரைக்காரன் இவன் காலையும் குதிரையின் உயரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, உட்கார்ந்தால் கால் தரையில் இழுபடும் என்று நடித்துக் காட்டித் திருப்பி அனுப்பினான். அடுத்தது, பீர் பீப்பாய் ஏற்றிப் போகிற வண்டி. அதில் இரண்டு நல்ல குதிரைகள். வண்டிக்காரன் தாராள மனசுக்காரன், பழனிவேலைப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டினான். திரும்பி வந்தபோது அடித்த வாடையில் சங்கரலிங்கம் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாஷையும் ஒரு தொல்லை. மிஷின் பூட்டிய இடத்தில் அவன் காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட ஜெர்மன், தூக்கு, பிடி, மெதுவா, இறக்கு என்பதுதான். அதை வைத்துக்கொண்டு கிரேன் கேட்கலாம். குதிரை கேட்க முடியுமா?

பயிற்சிக்காக அங்கத்து மைன்ஸுக்குப் போகிற வழியில் சர்க்கரைக் கிழங்குத் தோட்டங்கள். அந்த ஊரில் கரும்பு கிடையாது, அந்தக் கிழங்கைப் பிழிந்துதான் சர்க்கரை எடுக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் ஹெர்மான் என்கிற நடுவயசு விவசாயி தனியாளாகக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பதையும், வேலிக்குப் பக்கத்தில் செங்காவி நிறத்தில் ஒரு பெண் குதிரை நிற்பதையும் பழனிவேல் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்தான். ஒரு லீவு நாளில் நேரே போய், ஒன்றும் கேட்காமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிழங்கு பிடுங்க ஆரம்பித்துவிட்டான். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி வளர்ந்த கை அது. ஹெர்மான் முதலில் பயந்தார், பிறகு பார்த்தார், பிறகு இன்னொரு கூடையைக் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் கூலி கொடுக்க வந்தவரிடம் பழனிவேல் வேண்டாம் என்று கையசைத்து, குதிரையைக் காட்டி, தன்னைக் காட்டி, ஜெர்மனில் ‘தூக்கு’ என்றான். ஹெர்மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வா என்று சைகை செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கமும் கேமராவோடு வந்தார். ரோலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். ஹெர்மான் தன் அப்பா காலத்துச் சேணத்தைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கட்டியிருந்தார். கிட்டத்தில் பார்த்தால் அது குதிரையா, யானைக்குட்டியா என்று சந்தேகம் வந்தது. ஏர் இழுத்த குதிரை. டிராக்டர் வந்த பிறகு வேலை இல்லாமல் தின்று தின்று முதுகு கட்டில் அகலத்துக்கு இருந்தது.

பழனிவேல் ஷூவைக் கழற்றினான். ஐயனார் ஏறுகிற வாகனம், செருப்புக்காலோடு ஏறலாமா? குதிரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஹெர்மான் குதிரையின் இடது பக்கம் நின்று, சேணத்தில் தொங்குகிற கால் வளையத்தில் இடது காலை வை என்று காட்டினார். அங்கேதான் சிக்கல். குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தபோது வலது கால். மிஷினில் முதன்முதலாக ஏறியபோது வலது கால். அப்பா இத்தனை வருஷம் காத்திருந்த காரியத்தைப் போய் இடது காலில் ஆரம்பிப்பதா? அவன் தலையை ஆட்டிவிட்டு வலது காலை வளையத்தில் மாட்டினான். பிடரியைப் பிடித்து, எம்பி, இடது காலை அந்தப் பக்கம் வீசினான். உட்கார்ந்தும் விட்டான். உட்கார்ந்து பார்த்தால் எதிரே தலையைக் காணோம், வால் இருந்தது.

“என்னவே இது, வலது காலை எடுத்து வைக்க நீரு என்ன கல்யாணப் பொண்ணா?” என்று சங்கரலிங்கம் சத்தம் போட்டார். அதற்குள் குதிரை நடக்க ஆரம்பித்துவிட்டது. இந்தியாவில் இப்படித்தான் ஏறுவார்கள் போலும் என்று நினைத்த ஹெர்மான், ஈரத்தில் கிடந்த ஷூ நனையவேண்டாம் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, விழுந்தால் பிடிப்பதற்காகப் பின்னாலேயே வந்தார். ஷூவைக் கீழே போட்டுவிடுங்கள் என்று சொல்ல பழனிவேலுக்கு வாய் துடித்தது. அதற்கு அவனுக்குத் தெரிந்த வார்த்தை ‘இறக்கு’ ஒன்றுதான். சொன்னால் தன்னையே இறக்கிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டான். அப்புறம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றினார்கள். சங்கரலிங்கம் பதற்றத்தில் பட்டனை அமுக்கிவிட்டார்.

அதற்கப்புறம் கிழங்கு இருந்தவரைக்கும் ஞாயிறு தோறும் பழனிவேல் வேலை செய்தான், ஏறினான், இடது காலில் ஏறி முன்பக்கம் பார்த்து உட்காரவும் பழகினான். ஆனால் படம் பிடிக்க ஆள் இல்லை. சங்கரலிங்கத்தை மின்நிலையப் பயிற்சிக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், கேமராவும் கூடப் போயிற்று. ஊர் திரும்புகிற கப்பலில்தான் சங்கரலிங்கம் கொடுத்து அந்த ஒரே படம் பழனிவேல் கைக்கு வந்தது. படத்தில் அவன் வாலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க. ஊரில் தப்பு செய்தவனைத்தான் கழுதை மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர்வலம் விடுவார்கள். இந்தப் படத்தை அப்பா சந்தையில் காட்டினால் என்ன ஆகும்? படத்தைக் கிழித்துக் கடலில் போட்டான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் கால் வைத்ததும் கலியன் கேட்டது போட்டாவைத்தான். குதிரை ஏறியது நிஜம், படம்தான் சரியாக விழவில்லை என்று சொன்னான்.

“போவட்டும் வுடு, ஏறுன இல்ல” என்றார் கலியன். ஆனால் அதற்குப் பிறகு அவர் குள்ளஞ்சாவடிச் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகன் பொய் சொல்கிறான் என்று அவர் நினைத்தாரா, சந்தையில் கேட்பார்களே என்று கூசினாரா தெரியவில்லை. பழனிவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மாணிக்கம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து பழனிவேல் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் சங்கரலிங்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். நண்பனுக்கு நல்லது செய்கிறோம் என்று, தன்னிடம் இருந்த பிலிமைக் கடலூர் ஸ்டுடியோவில் கொடுத்து, பெரிசாகப் போட்டு, கண்ணாடிச் சட்டமும் கட்டிக் கொண்டுவந்துவிட்டார். அது கலியன் மடியில் இருந்தது.

பழனிவேல் கதவருகிலேயே நின்றுவிட்டான். கலியன் தலை நிமிராமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னால வராரே, இவரு யாரு?”

“அவருதாம்பா ஹெர்மான். நெலமும் அவருது, குதிரையும் அவருது.”

“கையில என்னா வச்சிகினு வராரு?”

பழனிவேலுக்கு அந்த நிமிஷத்தில்தான் அது உறைத்தது. “என் ஷூவு” என்றான்.

கலியன் சட்டத்தின் மேல் விரலை வைத்து, ஹெர்மான் முகத்திலிருந்து மகன் முகம் வரைக்கும் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தார்.

“இருவது வருசம் செருப்ப தூக்கிகினு பின்னாலயே நடந்தன். முதுகத்தான் பாத்துகினு நடந்தன். அவரு ஒரு நாளும் திரும்பிப் பாத்தது கெடையாது. நீ இந்தாளு மொகத்த பாத்து சிரிச்சிகினு போயிருக்க. இப்பிடித்தான்டா ஒக்காரணும்.”

பழனிவேல் அழுதுவிட்டான். ஒன்றும் புரியாமல் சங்கரலிங்கம், பிலிம் மிச்சம் இருந்திருந்தால் நேராகவே ஒன்று எடுத்திருப்பேன் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். கலியன் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, சந்தைக்குக் கொண்டுபோகப் படத்தைச் சுற்றப் பழைய துணி ஏதாவது இருக்கிறதா என்று மருமகளிடம் கேட்டார்.