நேந்துவிட்ட கிடாவும் என் மூணு ஆடும்

என் மூணு வெள்ளாடும் மலடாகிவிட்டது, வருகிற சந்தையில் கறிக்குத் தள்ளிவிடலாம் என்று கொழுந்தன் சொன்னார். தன் ஆடுகளையும் அதே பேர் சொல்லித்தான் தள்ளியிருந்தார். வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு ஆட்டு விவகாரத்தில் கொழுந்தன் சொல்வதுதான். நான் ஆம்பளைகள் முன்னால் பேசுகிறவள் இல்லை. ஆனால் மூணும் முன்னே குட்டி போட்ட ஆடுகள். ஒரே நேரத்தில் மூணும் எப்படி மலடாகும்?

மாறினது கிடா ஒன்றுதான். பழைய கிடாவைத் திருவிழாவுக்கு வெட்டியாச்சு. இப்போது திரிவது கருப்பசாமிக்குக் கொழுந்தன் நேந்துவிட்டது. நேந்த கிடாவைக் கட்டவும் கூடாது, காயடிக்கவும் கூடாது. அதனால் தெருவில் எல்லா ஆட்டுக்கும் அதுதான் மாப்பிள்ளை.

அது பிறந்ததுமே தாய் செத்துப்போனது. நல்ல கோடை. பாலுக்கு வழியில்லாமல் கஞ்சித்தண்ணியை ஊற்றினார்கள். கழிச்சல் கண்டு எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதுதான், பிழைத்தால் உனக்கு என்று கொழுந்தன் சாமிக்கு நேர்ந்தார். பிழைத்து, கொம்பும் தாடியுமாக வளர்ந்து நின்றது.

பூச்சிமருந்து வாங்க மாட்டாஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"கிடா குட்டியில எப்படிம்மா வளந்துச்சு?" என்றார். சொன்னேன்.

"பாலில்லாம, நோவுல கிடந்த ஆண்குட்டிக்கு விதை சரியா வளராமப் போறது உண்டு. பின்னால உடம்பு தேறும், அது தேறாது. இதுவும் அப்படி இருக்கலாம். வேற கிடாகிட்ட விட்டுப் பாருங்க."

சந்தைக்கு ஓட்டக் கொழுந்தன் கயிற்றை அவிழ்க்க வந்தார். எதிரே டீக்கடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொறை கிடாகிட்ட இருக்கும் போல" என்றேன்.

"வாயக் கழுவுங்க மதினி. சாமி கிடாவையா சொல்றீக? அதோட தாடியப் பாருங்க."

"தாடியா குட்டி கொடுக்கும்?"

டீக்கடையே சிரித்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"சாமி குத்தமாயிரும் மதினி."

"குத்தமானா எனக்கு ஆகட்டும். கயித்த விடுங்க."

நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அவர்தான் விட்டார். என்னையும் ஊரில் மலடி என்றுதான் பேசினார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக என்னைத்தான் கூட்டிப்போனார்கள். வீட்டுக்காரரை வா என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. அவரும் சின்னதில் பட்டினி கிடந்தவர்தான். காரணம் அதுதானா, யார் கண்டது? கேட்கக்கூட ஆளில்லை. என்னைச் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன். இந்த ஆடுகள் எதற்குக் கழுத்தைக் கொடுக்க வேண்டும்?

பருவத்துக்கு வந்து கத்தக் கத்த, ஒவ்வொன்றாக ஆட்டோவில் ஏற்றி பக்கத்து ஊர் அகரத்தில் வேறொருத்தர் கிடாவிடம் கொண்டுபோனேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ரெண்டு ஆடு சினை பிடித்தது. அதில் கறுப்பி ரெட்டைக்குட்டி போட்டது. கொழுந்தன் வந்தார், ஒரு குட்டியைத் தூக்கித் தடவினார். போகும்போது கேட்டார்:

"மூணாவது பிடிக்கலையே மதினி. அதையாவது சந்தைக்கு ஓட்டிரவா?"

"அத இனி கேக்காதீக" என்றேன்.

அது இங்கேதான் நிற்கிறது. அகத்தித் தழை போடும்போது முதல் கை அதற்குத்தான். சாமி கிடா வந்து நின்றால் அதற்கும் ஒரு கை போடுவேன். குட்டியில் பட்ட பாட்டுக்கு அது என்ன பண்ணும்?