சட்டைப்பையில் இருந்த பிரதி

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

வெளிநாட்டில் நான் இருக்கும் லாசாலில், காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடையில் நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். மெலிந்தவர், நரைத்த மீசை. அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். அக்காவின் மகன் மருத்துவம் படிக்க மறுநாள் கிர்கிஸ்தான் போகிறான் என்று கூச்சத்தை விட்டுச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“நான் இஞ்ச வரேக்க அந்தப் பக்கத்தாலதான் வந்தனான். பொலிஸ் உடுப்போட ஆர் கேட்டாலும் பாஸ்போட்டைக் கையில குடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. போட்டோக்கொப்பியைக் காட்டட்டும். முன்னமே ஆக்கள் இருக்கிற டாக்சியில ஏறவும் கூடாது.”

“குடுக்காட்டி அடிக்கமாட்டாங்களோ அண்ணை?”

“இதுதான் எங்கட ஆக்களின்ர வருத்தம். ஊரில ஆமியின்ர செக்பொயின்றில நிண்டு பழகி, யூனிபோமைக் கண்டால் கேக்க முந்தியே நீட்டிப்போடுவம். அவன் பொலிசோ கள்ளனோ, ஆருக்குத் தெரியும்?”

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். ஒரு பாஸ்போட்டின் பிரதி. படத்தில் இருந்தது அவர் இல்லை.

“என்ர தம்பி. நீட்டினவன். ஸ்டேசனுக்கெண்டு காரில ஏத்திக்கொண்டு போனவங்கள். இதுதான் மிச்சம்.”

உடனே கொழும்புக்குப் போன் எடுத்து மருமகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். “என்ன மாமா, பொலிஸ் கேட்டால் குடுக்கத்தானே வேணும்.”

அவன் போய் ஒன்பது நாள். இன்னும் போன் வரவில்லை. என்ன செய்வதென்று கேட்க அந்தக் கடைக்குத் தினமும் போகிறேன், அவரைக் காணவில்லை. இப்போது என் கையும் சட்டைப்பைக்குப் போகிறது. அவனுடைய பாஸ்போட் பிரதி ஒன்றுகூட என்னிடம் இல்லை.

18 பெப்ரவரி 2005