பெரிதாக்க முடியாத படம்

சிதம்பரத்தில் மணவாளனின் ஸ்டுடியோ ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. கணவன் போன பிறகு புஷ்பவள்ளிக்குச் சோறு போட்டது அங்கிருந்த கம்ப்யூட்டர்தான். மணவாளன் எடுத்து வரும் படங்களைப் பொறுக்கி, அளவைக் குறைத்து, ஆன்லைன் கேலரியில் ஏற்றி, லிங்கை வீட்டாருக்கு அனுப்புவாள். கேமராவில் வருகிற படத்தை அப்படியே போட்டால் போனில் திறக்காது. அதனால் நகல் எடுத்துக்கொண்டு, நகலைத்தான் சின்னதாக்க வேண்டும்.

கடலூர்ப் பெண் ஸ்ரீமதியின் நிச்சயதார்த்தப் படங்களில் அது தவறிப்போனது. "மாப்பிள வீட்ல லிங்க் கேட்டு உயிர வாங்குறாங்க புஷ்பா" என்று மணவாளன் விரட்ட, அவசரத்தில் அசல் படங்களையே சின்னதாக்கிவிட்டாள். கவனித்தபோது கேமரா கார்டிலும் அந்தப் படங்கள் அழிந்து வேறொரு கல்யாணம் ஏறியிருந்தது.

"வுடு. கல்யாணத்துக்குப் புதுசா எடுக்கத்தான போறோம்" என்றான் மணவாளன்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது லாரி மோதி ஸ்ரீமதி இறந்துபோனாள்.

கருமாதி முடிந்ததும் அவள் அம்மா அமிர்தம் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தட்டு மாற்றிய கையோடு ஸ்ரீமதி எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பாத்துதாம்மா சிரிக்கிறா. கொசுவம் அவுந்து நான் முழிச்சிட்டு நின்னேன். இத செவுத்துல மாட்டறாப்புல பெருசா போட்டுக் குடு."

புஷ்பவள்ளி வாய் திறக்குமுன், "ரெண்டு நாள்ல வாங்கம்மா" என்று மணவாளன் அனுப்பிவைத்தான்.

பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாகக் கரைந்தது. மணவாளன் சொன்னபடி, மங்கிய படத்தைத் தெளிவாக்கும் ஏஐயில் போட்டாள். முகம் பளிச்சென்று வந்தது. தப்பித்தோம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஃபிரேமைக் கையில் வாங்கிய அமிர்தம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"யாரும்மா இது?"

"ஒங்க பொண்ணுதாம்மா" என்றான் மணவாளன்.

"ஒதட்டு மேல தழும்பு இருக்குமே? நடக்கப் பழகறப்ப படியில வுழுந்தா. அது எங்க? இந்தப் பல்லும் அவளுது இல்ல."

மணவாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். புஷ்பவள்ளி எழுந்துவிட்டாள்.

"அம்மா, பெரிய படம் இல்லம்மா. நாந்தான் தெரியாம அழிச்சிட்டேன். இது மெஷின் போட்ட மொகம்."

அமிர்தம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில மூடிதான் குடுத்தாங்க. மொகத்தப் பாக்க வேணாம்னுட்டாங்க. இதுலயும் பாக்க முடியாதா?"

புஷ்பவள்ளி கேலரியில் இருந்த படத்தை எடுத்து, தெளிவு கெடாத அளவுக்கு மட்டும் அச்சிட்டாள். உள்ளங்கை அகலம்தான் வந்தது. உதட்டுக்கு மேலே மயிரிழை போலத் தழும்பு தெரிந்தது. அமிர்தம் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அப்போதுதான் சத்தமாக அழுதாள். அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வந்தாள் புஷ்பவள்ளி.

திரும்பியபோது ஃபிரேம் மேஜையிலேயே கிடந்தது.

"படத்தக் கிழிச்சுப் போட்டுட்டு ஃபிரேம எடுத்து வையி" என்றான் மணவாளன்.

யாருடைய மகளுமில்லாத அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

"நீங்களே செய்ங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி வீட்டுக்குப் போனாள்.