ஆனேக்கல் பிரிவில் செல்லியின் வண்டி

தளிப் பக்கத்திலிருந்து ஓசூர் சந்தைக்கு ஆண் துணையில்லாமல் வண்டி கட்டிக்கொண்டு போன முதல் பெண்பிள்ளை யார் என்று கேட்டால், செல்லி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாம் பின்னால் அவள் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டவர்கள்தான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஊர்ப் பஞ்சாயத்தில் அவள் புருஷன் ராமப்பன் துரும்பைக் கிள்ளிப் போட்டு உறவை அறுத்துக்கொண்டான். ஆனேக்கல்லில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டவன். செல்லி அழவில்லை.

"வண்டியும் மாடும் எங்கப்பன் குடுத்த சீரு. அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். பெரியவர்களும் சரி என்றார்கள்.

அடுத்த சந்தைக்கு அவரைக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோழி கூவும்போதே கிளம்பினாள். சந்தை வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோலக் கயிற்றைத் தளர விட்டுக் கண்ணயர்ந்தாள். மாடுகளுக்குத்தான் வழி தெரியுமே. வண்டி நின்றதும் விழித்துப் பார்த்தால், சந்தை இல்லை. ஆனேக்கல்லில் ஒரு ஓட்டு வீட்டு வாசல். சாணி வாளியோடு ஒருத்தி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் துண்டை உதறிக்கொண்டு ராமப்பன்.

சந்தைக்கு என்று சொல்லிவிட்டு அவன் இத்தனை நாளும் எங்கே போனான் என்பதை மாடுகள் காட்டிக் கொடுத்துவிட்டன.

"பஞ்சாயத்துல அவ்ளோ வீராப்பு. வாரம் ஆவல, வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டியே செல்லி" என்று சிரித்தான்.

செல்லி வண்டியைத் திருப்பினாள். ஓசூர் சேர்ந்தபோது சந்தை கலைந்திருந்தது. காய் மாட்டுக்குத் தீனியாயிற்று.

"அவ மனசு அங்கதான் இக்குது. மாட்டு மேல பழியப் போடறா" என்று கிணற்றடியில் பக்கத்து வீட்டு நாகம்மா ஆரம்பித்தாள், ஊரே பிடித்துக்கொண்டது. செல்லியின் அண்ணன் திம்மராயனுக்குப் பொறுக்கவில்லை.

"மாட்ட வித்துப்புடு. வேற ஜோடி புடிக்கலாம்."

"எதுக்குண்ணா விக்கணும்? ஓட்டுனவன் காட்டுன வழியில போச்சு. இனிமே ஓட்டறவ நானு."

"மாடு மறக்காது செல்லி."

"மறக்க வேணாம். திரும்பாம இருந்தா போதும்."

அன்று முதல், ஆனேக்கல் பாதை பிரியும் இடம் வருவதற்குள் கீழே இறங்கிவிடுவாள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். செவலைக் காளை கெம்பன் இடப்பக்கமே இழுக்கும். அவள் கண்ணும் அந்தப் பக்கம் போகும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சாட்டையை எடுத்ததும் இல்லை. பிரிவைத் தாண்டிய புளியமரத்தடியில் நிறுத்தி, இரண்டு மாட்டுக்கும் கொள்ளு வைப்பாள். மழையோ பனியோ, ஒரு சந்தை தவறவில்லை.

மறு வருஷம் கேழ்வரகு அறுப்பு முடிந்த சமயம், பிரிவில் ராமப்பன் நின்றிருந்தான். ஆனேக்கல்காரி துரத்திவிட்டாளோ என்னவோ, முகம் வாடியிருந்தது. செல்லி அன்று இறங்கவில்லை. இறங்கினால் அவனுக்காக இறங்கியதுபோல் ஆகிவிடும்.

"பாரோ கெம்பா" என்று பழைய குரலில் கன்னடத்தில் தன் பக்கம் வரச் சொல்லிக் கூப்பிட்டான்.

கெம்பன் நின்றது. காதைத் திருப்பியது.

"பாத்தியா? என் குரல மறக்கல."

"மறக்கல. நானுந்தான் மறக்கல" என்றாள் செல்லி. கயிற்றை அவள் இழுக்கவே இல்லை. "ஆனா கொள்ளு அந்தப் புளியமரத்துகிட்ட இக்குது."

கெம்பன் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு நேராக நடந்தது. செல்லி திரும்பிப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். பிறகு, சந்தையில் நல்ல இடம் போய்விடுமே என்று மாடுகளை முடுக்கினாள்.