ரூஃபஸ் பெட்டிவேயின் இடது கை

எங்கள் அலபாமா பக்கத்தில் ரூஃபஸ் பெட்டிவேயின் இடது கைக்கு ஈடு கிடையாது. ஞாயிறு காலை அவன் அப்பா பிரசங்கம் செய்வார்; இவன் பியானோவில் துதிப்பாடல் வாசிப்பான். அதே மெட்டுகளை வேகம் கூட்டி நடனக் கொட்டகைகளில் அடித்து நொறுக்குவான். அது தெரிந்ததும் அப்பா அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார். நான் அவன் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவன்.

1956இல் எங்கள் இசைத்தட்டு வானொலியில் ஓடியது. அதைக் கேட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். அரங்கின் நடுவே கயிறு கட்டியிருக்கும்; அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் கறுப்பர்களான நம்மவர்கள். ஒரு சனிக்கிழமை மாலை ரூஃபஸ் எழுந்து நின்று வாசித்த வாசிப்பில் கூட்டம் ஆடி நெருக்க, கயிறு அறுந்து தரையில் கிடந்தது. எல்லோரும் கலந்து ஆடினார்கள்.

ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிப்பின் ஆட்கள் வந்து கூட்டத்தைக் கலைத்தார்கள். எங்களைச் சுவரோடு நிறுத்திவிட்டு ஒருவன் ரூஃபஸிடம் போனான்.

"எந்தக் கையாலடா இவங்கள ஆட வச்ச?"

ரூஃபஸின் இடது கையைப் பியானோக் கட்டைகளின்மேல் அழுத்திப் பிடித்து, மூடியை ஓங்கி அறைந்தார்கள். பிறகு மறுபடியும்.

பக்கத்து மருத்துவமனை வெள்ளையருக்கானது; எங்களை உள்ளே விடவில்லை. நம்மவரான ஒரு டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் கை புடைத்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அவன் அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், ஆண்டவர் கொடுத்த கையை ஆண்டவரே எடுத்துக்கொண்டார் என்று.

"எடுத்தவன் பேரு எனக்குத் தெரியும். அது ஆண்டவர் இல்லன்னு போய்ச் சொல்லு" என்றான் ரூஃபஸ்.

மனைவி ஓர்லீனோடு டெட்ராய்டுக்குப் போய், சலவைக்கூடத்தில் அழுக்கு மூட்டை தள்ளினான். பிறகு குடி பிடித்துக்கொண்டது. ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். சாப்பிடும்போது வானொலியில் எங்கள் பழைய இசைத்தட்டு வந்தது. ஓர்லீன் நிறுத்த எழுந்தாள்.

"இருக்கட்டும் புள்ள."

முழுக்கக் கேட்டான். "நல்லாத்தான் வாசிச்சிருக்கான் பாவி" என்றான், யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல.

நாற்பது வயதைத் தாண்டவில்லை, ஈரல் கெட்டுச் செத்தான். அடக்கத்துக்கு அப்பா ரயிலேறி வந்தார். மகனுக்காக ஜெபிக்கலாமா என்று ஓர்லீனிடம் கேட்டார்.

"வேணாம் மாமா. உக்காருங்க" என்றாள்.

கிழவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.