குனைமின் கேமராவுக்குள் கடல் புகுந்த பெருநாள்

செங்கடலோரக் குசைர் துறைமுகத்தில் யார் குனைமின் பெயரை எடுத்தாலும் ஜம்ஜமின் காது அங்கே போய்விடும். தம்பி அல்லவா! கடலில் முங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சிலிண்டரில் காற்று நிரப்பிக்கொண்டிருந்தவன், அவர்களில் ஒருவர் விட்டுப்போன பழைய கேமராவோடு தண்ணீருக்குள் இறங்கினான். இன்று அவன் எடுத்த ஆமையும் திருக்கையும் கெய்ரோவில் அச்சாகும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கின்றன. மீனவர்கள் மட்டும் கேலியை விடுவதில்லை.

"என்னடா குனைம், இன்னைக்கு என்ன பட்டுச்சு? காகிதமா?"

கேமராவை வைத்து மூடும் பெட்டிக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் ஒரு முடி கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். அதனால் மூடுவதற்கு முன் வளையத்தை ஜம்ஜமிடம் நீட்டுவான். தையல்காரியின் விரல், தடவினால் ஒரு முடிகூடத் தப்பாது.

பெருநாளன்று வலைக்காரர்களின் தலைவர் அபூ தியாபின் வீட்டுக்குப் போனான் குனைம். மாலையில் புல் குடாவில் வலை இறங்கப் போகிறது. அங்கே ஒரு கடல்பசு குட்டியோடு மேய்கிறது. வலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வரமுடியாமல் இரண்டும் செத்துப்போகும்.

"கடல்பசுவா? அதெல்லாம் எங்க அப்பாவோட போச்சு" என்று சிரித்தார் அபூ தியாப். "படத்தைக் காட்டு."

"நேத்துதான் பாத்தேன் மாமா. கையில கேமரா இல்ல."

"அப்போ போய் எடுத்துட்டு வா. காப்பிய முடிச்சிட்டுப் போ."

இஞ்சிக் காப்பியை மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. மூன்றாவது முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, நீலப் பெருநாள் அங்கியோடே ஓடிப் படகேறினான்.

பக்கத்து வீடுகளுக்கு இறைச்சி கொடுத்துவிட்டு வந்த ஜம்ஜம், அலமாரியில் பெட்டி இல்லாததைப் பார்த்தாள். வளையத்தை யார் தடவினார்கள்? செருப்பைக்கூட மாட்டாமல் கரைக்கு ஓடினாள்.

படகுகளில் வலை ஏறிக்கொண்டிருந்தது. குனைம் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"எடுத்துட்டேன் அக்கா. எடுக்கும்போதே கண்ணாடியில துளி தெரிஞ்சுது. மேல வந்திருந்தா கேமரா பிழைச்சிருக்கும். ஆனா படம் கிடைச்சிருக்காது."

பெட்டியைத் திறந்தாள். வளையத்தடியில் ஒரு நீல நூல். தம்பியின் கையைப் பார்த்தாள். அவள் தைத்த அங்கியின் கை முழங்கையோடு அறுபட்டு, பிசிறு தொங்கியது.

"கத்தியால அறுத்தியா?"

"படகுல தடுக்குச்சு..."

"மடிச்சு விடத் தெரியாதா கழுதைக்கு!"

திட்டிக்கொண்டே மெமரி கார்டை நல்ல தண்ணீரில் அலசினாள். முக்காட்டு நுனியால் ஒற்றி, ஊதி, மறுபடி ஒற்றினாள். ஈரம் சுத்தமாகப் போனபின்தான் அதைக் கரையில் நின்ற ஒரு வெளிநாட்டுக்காரரின் கேமராவில் போட விட்டாள். அபூ தியாப் பொறுமையில்லாமல் நின்றார்.

படம் வந்தது. பாதி பனி மூடியதுபோல மங்கல். மறுபாதியில் தாய், அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு குட்டி.

அபூ தியாப் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். தாயின் வாலில் ஒரு வெட்டு இருந்தது. அதில் பச்சை நைலான் நரம்பு ஒன்று சிக்கியிருந்தது.

"இது என் வலை நரம்பு" என்றார் மெதுவாக. "போன குளிர்ல கிழிஞ்சுது. சுறான்னுல்ல திட்டிக்கிட்டிருந்தேன்."

படகுகள் பக்கம் திரும்பினார். "வலையக் கரையில போடுங்கடா! வடக்கால பாத்துக்கலாம்." பிறகு குனைமின் தோளில் ஒரு தட்டு. "காகிதக்காரா, இன்னைக்குப் பெருசாத்தான் பிடிச்சிருக்க."

"கேமரா போச்சே அக்கா" என்றான் குனைம்.

ஜம்ஜம் மார்புத் துணியில் நூலோடு குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். அவனை அங்கேயே உட்காரவைத்து, அறுந்த கையின் ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைக்கத் தொடங்கினாள்.